திமிங்கில தரிசனம்

எட்டயபுரத்து நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "கோடை விடுமுறையில் குழந்தைகளை எங்கேனும் அழைத்துச் செல்ல வேண்டும். மலைக்குப் போயாயிற்று, கோயில்களுக்கும் போயாயிற்று. இந்த முறை திமிங்கிலம் பார்த்தே தீர வேண்டுமென்று பிடிவாதம் செய்கிறார்கள். தூத்துக்குடி நமக்குப் பக்கந்தானே? திமிங்கிலம் காட்டுகிற கப்பல் ஏதாவது அங்கிருந்து புறப்படுகிறதா? எந்த மாதத்தில் போகலாம்? எதைக் கவனித்து ஏற வேண்டும்?"

கேள்வி நாலு வரியில் முடிந்துவிட்டது; விடை அவ்வளவு சுலபமாக முடிவதாக இல்லை. கரிசற் காட்டில், பருத்திக்கும் கம்புக்கும் நடுவே வளரும் குழந்தைகள் கடலின் மிகப் பெரிய பிராணியைக் காண ஆசைப்படுவது பாராட்டத்தக்க ஆசை. அதை நிறைவேற்ற முயலும் தகப்பனாரும் பாராட்டத்தக்கவர். ஆனால் முதற் கேள்விக்கு விடை, "இல்லை" என்பதே. திமிங்கிலம் காட்டுவதற்கென்று தூத்துக்குடித் துறையிலிருந்து புறப்படும் கப்பல் கிடையாது. ஏன் இல்லை, எங்கே உண்டு, அங்கே போகிறவர் எதைக் கேட்க வேண்டும், நமக்கும் ஒரு கப்பல் வருமானால் அது எப்படி இருக்க வேண்டும் என்பவற்றை இந்த வாரம் பார்ப்போம்.

பெயரும் பிராணியும்

வடமொழிக்காரர்கள் பெருமீன் ஒன்றுக்குத் 'திமி' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் திமியை விழுங்குவது திமிங்கிலம். அத்துடன் நின்றார்களா? திமிங்கிலத்தையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்றார்கள். பெரியது சிறியதை விழுங்கும்; அதைவிடப் பெரியது அதையும் விழுங்கும் என்ற உலக நியாயத்தை ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. உலகத்தில் இதுவரை தோன்றிய பிராணிகளில் மிகப் பெரியது நீலத் திமிங்கிலம். முப்பது மீட்டர் வரை நீளும். நூறு டன்னுக்கு மேல் நிறுக்கும். இதன் ஆகாரமோ விரலளவுகூட இல்லாத சிற்றிறால் வகைகள். வாய் நிறையக் கடல்நீரை மொண்டு, மேல்தாடையில் தொங்கும் சீப்புப் போன்ற தகடுகளால் வடித்து, நீரை வெளியே தள்ளிவிட்டு இறாலை மட்டும் உட்கொள்ளுகிறது. இப்படி நாளொன்றுக்கு டன் கணக்கில் உண்கிறது. ஆற்றங்கரையில் துணியில் மீன் பிடிக்கும் சிறுவர்கள் செய்வதையேதான் இதுவும் செய்கிறது, துணிதான் பெரிது.

மீன் என்று நாம் சொன்னாலும் திமிங்கிலம் மீன் இனம் அன்று. அதற்குச் செவுள் கிடையாது, சுவாசப்பை உண்டு. மூச்சு வாங்க நீரின் மேலே வந்தாக வேண்டும். இரத்தம் வெப்பமானது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. நீலத் திமிங்கிலத்தின் குட்டி பிறக்கும்போதே ஏழு மீட்டர் நீளம் இருக்கும். சில மாதங்கள் வரையில் தாயின் பக்கத்தை விட்டு அகலாது. இந்தச் செய்தியை நேயர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். படகில் ஏறுகிற சமயத்தில் இது பயன்படும்.

வேட்டையிலிருந்து வேடிக்கைக்கு

திமிங்கிலத்தைப் பார்ப்பதற்காக ஜனங்கள் பணம் கொடுப்பது புதிய வழக்கம். அதற்கு முன்னே பல நூற்றாண்டுகளாகத் திமிங்கிலத்தைக் கொல்வதற்குத்தான் கப்பல்கள் கிளம்பின. அதன் கொழுப்பை உருக்கி எடுத்த எண்ணெய் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தெருவிளக்கு எரித்தது, யந்திரங்களுக்கு மசகானது, பிறகு மார்கரின் என்னும் செயற்கை வெண்ணெயாகி ரொட்டியின்மேல் ஏறியது. நீராவிக் கப்பலும் வெடிகுண்டு பொருத்திய ஈட்டியும் வந்தபின் வேட்டை வெறும் கசாப்பாக மாறிற்று. இருபதாம் நூற்றாண்டில் தென்சமுத்திரத்தில் மட்டும் கொல்லப்பட்ட நீலத் திமிங்கிலங்கள் 3 லட்சத்துக்கு மேல். நம்முடைய இந்து சமுத்திரமும் தப்பவில்லை. 1960-களில் சோவியத் கப்பல்கள் இந்தப் பக்கம் வந்து சட்டத்துக்கு மாறாக நூற்றுக்கணக்கான திமிங்கிலங்களைக் கொன்றன. அந்தக் கணக்கு 1990-களில்தான் வெளிப்பட்டது.

பிற்பாடு உலகத்துக்குப் புத்தி வந்தது. 1979-இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1982-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வியாபார வேட்டையை நிறுத்தத் தீர்மானித்தது. 1986 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இதனிடையே, 1955-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஸான் டியேகோ பட்டணத்தில் ஒரு மீனவருக்கு யோசனை ஒன்று தோன்றியது. குளிர்காலந்தோறும் அந்தக் கரையோரமாகச் சாம்பல் நிறத் திமிங்கிலங்கள் தெற்கே போவது வழக்கம். அவற்றைப் பார்க்க ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு படகில் அழைத்துப் போனார். அந்த ஒரு டாலர் போட்ட குட்டிகளைச் சொன்னால் வியப்பாக இருக்கும். 2008-ஆம் ஆண்டில் 119 தேசங்களில் 1 கோடியே 30 லட்சம் பேர் திமிங்கிலம் பார்க்கக் கடலுக்குச் சென்றார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செத்த திமிங்கிலம் ஒரு முறைதான் விலை போகும். உயிரோடிருக்கும் திமிங்கிலம் ஆண்டுதோறும் விலை போகும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

நம் கடலில் ஏன் இல்லை?

"மன்னார் வளைகுடாவில் திமிங்கிலம் இல்லையா?" என்று நேயர் கேட்கலாம். இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டியவர்களுக்குத் திமிங்கிலம் புதிய பிராணியன்று. ஓங்கில் என்று நம் மீனவர் சொல்லும் கடற்பன்றிக் கூட்டம் படகுக்கு முன்னால் துள்ளிப் பாய்வதும் சாதாரணக் காட்சி. ஆனால் பெரிய திமிங்கிலங்கள் ஆழ்கடலை நாடுபவை. நம் பக்கத்துக் கரையோரத்திலோ வெகு தூரம் வரையில் கடல் ஆழமற்றது. அதனால்தான் அங்கே பவளப் பாறைகளும் முத்துப் பார்களும் சங்கும் கடற்புல்லும் அதை மேயும் கடற்பசுவும் உண்டாயின. தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையில் இருக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். வான் தீவு, காசுவார் தீவு, கரியாச்சல்லி முதலியவை தூத்துக்குடியைச் சேர்ந்தவை. விலங்குச்சல்லி என்ற தீவு கடலில் முழுகியே போய்விட்டது. இந்தக் கடலில் உல்லாசக் கப்பல்களை நினைத்தபடி விரட்ட முடியாது, விரட்டவும் கூடாது.

நம் கரைக்குத் திமிங்கிலங்கள் கூட்டமாக வந்த நாட்களும் உண்டு. அவற்றை வேடிக்கை நாட்கள் என்று சொல்ல முடியாது. 1973-ஆம் ஆண்டு ஜனவரியில், திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டுக் கரையில் 147 திமிங்கிலங்கள் வந்து ஒதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016-ஆம் ஆண்டு ஜனவரியில், அதே மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரையில் 80-க்கு மேற்பட்டவை ஒதுங்கின. இரண்டு முறையும் வந்தவை ஒரே இனம்: கட்டைத் துடுப்புடைய வழிகாட்டித் திமிங்கிலம். பெயரில் திமிங்கிலமானாலும் உறவு முறையில் இவை ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தவை.

2016-இல் மணப்பாட்டு வட்டாரத்து மீனவர்கள் செய்த காரியம் மறக்கத்தக்கதன்று. ராத்திரி என்றும் பகல் என்றும் பாராமல் கடலில் இறங்கினார்கள். ஒவ்வொன்றும் டன் கணக்கில் கனக்கும் பிராணிகளைக் கயிறு கட்டிப் படகால் இழுத்து ஆழக் கடலில் விட்டார்கள். வனத்துறையாரும் மீன்துறையாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஆனால் விட்டவற்றிற் பல மறுபடியும் கரைக்கே திரும்பின! இந்த இனத்தின் இயல்பு அது. கூட்டத்தை விட்டுப் பிரிய அவற்றுக்குத் தெரியாது. தலைமை வகிக்கும் ஒன்று நோயினாலோ திசை தடுமாறியோ கரைக்கு வந்தால் மற்றவையும் பின்தொடர்ந்து வருகின்றன. கரையில் கிடக்கும் சுற்றத்தை விட்டுவிட்டு உயிர் பிழைக்க மறுக்கின்றன. 40-க்கு மேற்பட்டவை இறந்து, அந்த மணலிலேயே புதைக்கப்பட்டன. இப்படி நேர்வதற்கு இன்னதுதான் காரணம் என்று விஞ்ஞானிகள் ஒருமுகமாக முடிவு கூறவில்லை. மெல்லச் சரியும் மணற்கரையில் அவை எழுப்பும் ஒலி சரியாக எதிரொலிக்காமல் வழி தவறுகின்றன என்பது ஒரு கருத்து.

வியட்நாம் தேசத்து மீனவர்கள் கரையொதுங்கிய திமிங்கிலத்தைக் குலதெய்வம் போல் பாவித்து, ஈமக் கிரியை செய்து புதைத்து, பின்னர் எலும்புகளை எடுத்துக் கோயிலில் வைத்துப் பூஜிக்கிறார்கள். பான் தியெட் என்ற ஊரில் இருபத்திரண்டு மீட்டர் நீளமுள்ள எலும்புக்கூடு ஒன்று அப்படிக் கோயில் கொண்டிருக்கிறது. மணப்பாட்டு மீனவர்கள் கோயில் கட்டவில்லை. கழுத்தளவு நீரில் நின்று தோள் கொடுத்தார்கள். இதுவும் ஒரு பூஜைதான்.

எங்கே போகலாம்? எப்போது போகலாம்?

நமக்கு மிக அருகில், திமிங்கிலம் பார்ப்பதற்கு உலகத்திலேயே சிறந்த இடங்களுள் ஒன்று இருக்கிறது. அதுதான் இலங்கை. அந்தத் தீவின் தெற்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து சிறிது தூரம் போனவுடனேயே கடல் பாதாளமாக இறங்கிவிடுகிறது. திருக்கோணமலையிலோ, துறைமுகக் குடாவுக்குள்ளேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. ஆகையால் மற்ற தேசங்களில் நாட்கணக்கில் கப்பலில் போய்த் தேட வேண்டிய திமிங்கிலம் இங்கே காலையில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் பார்த்துத் திரும்பும் தூரத்தில் இருக்கிறது.

இன்னொரு விசேஷமும் உண்டு. மற்றக் கடல்களிலுள்ள நீலத் திமிங்கிலங்கள் தீனிக்குத் துருவப் பக்கத்துக் குளிர்க் கடலுக்கும், குட்டி போட வெப்பக் கடலுக்குமாகப் பிரயாணம் செய்கின்றன. இலங்கைக் கடலில் வாழும் நீலத் திமிங்கிலங்களோ குளிர்க் கடலுக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன. இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இலங்கையைச் சேர்ந்த ஆஷா டி வோஸ் என்ற பெண் விஞ்ஞானி. ஊரை விட்டுப் போக மனமில்லாத நம்மவர் குணம் அந்தத் திமிங்கிலங்களுக்கும் இருக்கிறது போலும்!

பருவத்தை அறிந்து போக வேண்டும். தெற்கே மிரிஸ்ஸ என்னும் துறையிலிருந்து நவம்பர் முதல் ஏப்ரல் வரை படகுகள் செல்லுகின்றன. மேற்கே, மன்னார் வளைகுடாவின் அக்கரையில், கற்பிட்டியிலும் அதே பருவம். அங்கே ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் கூடும். எண்ணெய்த் திமிங்கிலமும் தென்படும். தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கியதும் அந்தப் பக்கத்துக் கடல் குமுறும். அப்போது கிழக்குக் கரை அமைதியாகும். ஆகவே ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்டு வரை திருக்கோணமலையே தக்க இடம். நேயரின் கோடை விடுமுறைக்கு இது ஜாதகப் பொருத்தம் போல் பொருந்தியிருக்கிறது.

1980-களின் தொடக்கத்தில் 'டியூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த விஞ்ஞானிகள் திருக்கோணமலைக் கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் ஆராய்ந்து அவ்விடத்தின் பெருமையை வெளியிட்டார்கள். 1983-க்குப் பிறகு மூண்ட யுத்தம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. 2009-இல் யுத்தம் முடிந்த பிறகுதான் படகுகள் மறுபடியும் கிளம்பின.

போகும் வழியைச் சொல்லுகிறேன். கடவுச்சீட்டும் அனுமதியும் வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு. அங்கிருந்து திருக்கோணமலைக்கு ரெயிலிலேயே போகலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019-இல் விமானம் விடத் தொடங்கினார்கள். கப்பலில்தான் போவேன் என்பவர்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணக் கப்பல் தொடங்கப்பட்டது. சிறிது காலம் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடியது. காற்றுக்கும் மழைக்கும் நிறுத்திவிடுவது உண்டாகையால் முன்கூட்டி விசாரித்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 2011 ஜூனில் ஒரு கப்பல் விட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அது நின்றுபோயிற்று.

திருக்கோணமலைக்குப் போகிறவர்கள் படகில் ஏறுவதற்கு முன் கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும். சம்பந்தர் பாடிய தலம் என்பதற்காக மட்டும் அன்று. கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறை கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. அடியில் கடல் மிகவும் ஆழம். பருவ காலத்தில் அந்தப் பாறைமேல் நின்றபடியே நீலத் திமிங்கிலம் பெருமூச்சு விடுவதைக் கண்டவர்கள் உண்டு. படகுக் கூலியில்லை, தலைச்சுற்றல் இல்லை, திமிங்கிலத்துக்கும் தொந்தரவில்லை. காலை வேளையில், தூரதிருஷ்டிக் கண்ணாடி ஒன்றுடன், ஒரு மணி நேரம் பொறுமையாக உட்காரத் தெரிய வேண்டும்; அவ்வளவே. குழந்தைகளுக்குப் பொறுமை கற்பிக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

எப்படி அடையாளம் காண்பது?

கடலில் முதலிற் காண்பது உடலை அன்று, மூச்சை. நேராகக் கம்பம் போல் ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் நீராவி எழும்பினால் அது நீலத் திமிங்கிலம். முன்புறமாகவும் இடப்புறமாகவும் சாய்ந்து, புதர் போல் தாழ்வாக எழும்பினால் எண்ணெய்த் திமிங்கிலம். மூச்சு வாங்கி முடித்த பிறகு முதுகை வளைத்து, வாலை ஆகாயத்தில் தூக்கி முழுகும். எண்ணெய்த் திமிங்கிலம் முழுகினால் ஒரு மணி நேரம் வரையிலும் வராமல் இருக்கக்கூடும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே இருளில் கணவாய் தேடிப் போயிருக்கும். நீலத் திமிங்கிலம் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் எங்கேனும் தலைகாட்டும். அது எங்கே எழும்பும் என்று குழந்தைகள் பந்தயம் வைத்துக்கொள்ளலாம். படகோட்டி மட்டும் பந்தயம் வைத்துக்கொண்டு பாயக் கூடாது.

எந்தப் படகில் ஏறுவது?

இதுவே முக்கியமான விஷயம். யுத்தம் முடிந்ததும் மிரிஸ்ஸவில் படகுகள் வெகு வேகமாகப் பெருகின. ஒரு திமிங்கிலம் மூச்சு வாங்க மேலே வந்தால் பல படகுகள் ஒரே சமயத்தில் அதன்மேல் பாய்ந்து சூழ்ந்துகொள்ளுவது வழக்கமாகிவிட்டது. மூச்சு வாங்க வந்த பிராணி மூச்சை முடிக்காமலே முழுகும். குட்டியுடன் வந்த தாய் தீனியை விட்டு ஓடும். திமிங்கிலத்துக்குக் கண்ணைவிடக் காதே பிரதானம். யந்திரங்களின் இரைச்சல் நடுவே அது கண்கட்டப்பட்ட மனிதனைப் போல் தவிக்கிறது. இலங்கை அரசாங்கம் 2012-இல் விதிகள் செய்தது; திமிங்கிலத்தை 100 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. விதி காகிதத்தில் இருக்கிறது. நடுக்கடலில் அதைக் காப்பாற்றுவது படகோட்டியின் கையிலும், அவரிடம் பணம் கொடுத்தவரின் வாயிலும் இருக்கிறது.

ஆகவே பணம் கொடுக்குமுன் நேயர் சில கேள்விகள் கேட்க வேண்டும். லைசென்சு உண்டா? எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? குழந்தைகளின் உடலுக்குப் பொருந்தும் மிதவைச் சட்டை இருக்கிறதா? திமிங்கிலம் தென்பட்டதும் எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? வேகத்தைக் குறைத்துப் பக்கவாட்டில் செல்வீர்களா, அல்லது குறுக்கே போய் மறிப்பீர்களா? ஏற்கெனவே பல படகுகள் சூழ்ந்திருந்தால் காத்திருப்பீர்களா? "நூறு மீட்டரா? அதெல்லாம் வேண்டாம், கையால் தொடும் தூரத்துக்குக் கொண்டுபோகிறேன், ஐயா" என்று எவர் பெருமையாகச் சொல்லுகிறாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த படகுக்குப் போய்விட வேண்டும். "நிச்சயம் காட்டுவேன்" என்று சத்தியம் செய்கிறவரையும் நம்ப வேண்டியதில்லை. கடல் மிருகக்காட்சிச் சாலை அன்று.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் படகேறக் கூடாது; வெறும் வயிறும் ஆகாது. இரண்டு இட்டிலி போதும். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைச்சுற்றல் குறையும். சுக்குத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுவது நம் பாட்டிமார் வழி. மேனாட்டு வைத்தியர்களும் இஞ்சியை ஒப்புக்கொள்ளுகிறார்கள்.

திரும்பி வரும்போது அம்பர் வாங்கி வரலாமா என்று எவரேனும் ஆசை காட்டினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் அந்தப் பொருள் வாசனைத் திரவியத்துக்கு உதவுவதால் பெருவிலை போகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் நாட்டில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தூத்துக்குடிக் கரையிலேயே அதைக் கடத்த முயன்றவர்கள் பன்முறை பிடிபட்டிருக்கிறார்கள்.

கரிசற் பருத்தியும் திமிங்கிலமும்

"படகுகளை மட்டும் குறை சொல்லுகிறீரே, பெரிய கப்பல்கள்?" என்று கேட்டால் அதுவும் நியாயமே. இலங்கையின் தென்கோடியான தேவேந்திர முனைக்கு அருகே, கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கப்பற்பாதை செல்லுகிறது. உலகத்திலேயே நெரிசல் மிகுந்த பாதைகளுள் அது ஒன்று. நீலத் திமிங்கிலங்கள் தீனி தேடிக் கூடுவதும் அதே இடத்தில். கப்பல் மோதி இறந்த திமிங்கிலங்கள் கரையொதுங்கியிருக்கின்றன. ஒரு முறை கப்பலின் முகப்பிலேயே சிக்கிக்கொண்டு ஒரு திமிங்கிலம் கொழும்புத் துறைமுகம் வரை வந்து சேர்ந்தது.

எட்டயபுரத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இதில் சம்பந்தம் இல்லையென்று எண்ண வேண்டாம். தூத்துக்குடியில் ஏற்றும் நூலும் துணியும் அடங்கிய சரக்குப் பெட்டிகளில் பெரும் பகுதி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறித்தான் உலகெங்கும் போகிறது. அவற்றுட் பல இந்தப் பாதை வழியேதான் செல்லுகின்றன. கப்பல்கள் 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போனால் மோதும் அபாயம் வெகுவாகக் குறையும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய சரக்குக் கப்பற் கம்பெனியான எம்.எஸ்.ஸி. 2022-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து தானாகவே அவ்வாறு விலகிச் செல்ல முற்பட்டது. ஒரு கம்பெனியால் முடிந்தது மற்றவற்றாலும் முடியும். சரக்கு ஏற்றுகிற நம் வியாபாரிகள், "உங்கள் கப்பல் எந்தப் பாதையில் போகிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அந்த வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

நமக்கும் ஒரு கப்பல் வருமானால்

தூத்துக்குடியிலும் என்றேனும் ஒரு நாள் கடல்வாழ் பிராணிகளைக் காட்டும் படகு புறப்படலாம். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்கு மாதிரி எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

நியூஸிலாந்தில் கைகோரா என்ற சிற்றூர் இருக்கிறது. 1980-களில் அங்கே ரெயில்வே வேலைகள் போய், அவ்வூரின் பூர்வ குடிகளான மாவோரி மக்கள் பிழைப்புக்குத் திண்டாடினார்கள். அவர்களில் சில குடும்பத்தார் தங்கள் வீடுகளை அடமானம் வைத்து, 1987-இல் ஒரு சிறு படகு வாங்கி, தங்கள் கரையோரத்து ஆழ்கடலில் வாழும் எண்ணெய்த் திமிங்கிலங்களை வந்தவர்களுக்குக் காட்டத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் இன்றும் அந்த மக்களின் கையிலேயே இருக்கிறது. ஊரே அதனால் தலையெடுத்தது. திமிங்கிலம் காணாமல் திரும்பினால் கட்டணத்தில் எண்பது சதவிகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் வழக்கமும் வைத்தார்கள். காணாவிட்டால் நஷ்டம் தங்களுக்கே என்று ஏற்றுக்கொண்டவர்கள், திமிங்கிலம் அந்தக் கடலை விட்டு ஓடும்படி நடந்துகொள்ளுவார்களா?

நமக்கு வேண்டியதும் அதுவே. கடலில் இறங்கித் திமிங்கிலத்துக்குத் தோள் கொடுத்த மணப்பாட்டு மீனவரும், நீரோட்டத்தை முகர்ந்தே சொல்லும் தூத்துக்குடிப் பரதவரும் படகின் சொந்தக்காரர்களாக இருக்க வேண்டும். வெளியூர் முதலாளியிடம் கூலிக்குச் சுக்கான் பிடிப்பவர்களாக இருக்கக் கூடாது. படகுகளின் தொகைக்கு வரம்பு வேண்டும். பூங்காவின் பவளக் கடலை விட்டு விலகிப் போக வேண்டும். கண்ட பிராணிகளின் கணக்கைத் தூத்துக்குடியிலேயே இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தாருக்கு நாள்தோறும் கொடுக்க வேண்டும். இராமநாதபுரம் ஜில்லாவில் காரங்காட்டு மீனவர்கள் வனத்துறையாருடன் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அந்த வழி நமக்குப் புதிதன்று.

அளவு தெரியாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி நாம் தூரதேசம் போக வேண்டாம். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உலகத்து அரசிகளின் கழுத்தை அலங்கரித்தது நம் கொற்கைக் கடலின் முத்து. முத்துக்குளிக்கும் சலாபம் வந்தால் கடற்கரையிலே ஒரு நகரமே எழும்பும். சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் கடற்கட்டி மந்திரம் சொல்லுவார். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961-இல். அதற்குப் பிறகு பார்களில் சிப்பி போதவில்லை. சுறாவுக்கு மந்திரம் இருந்தது. மனிதன் ஆசையைக் கட்ட மந்திரம் இருக்கவில்லை.

கடைசியாக டிக்கட்டைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட சீமையிலே, ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, சும்மாவே ஏற்றிக்கொண்டு போகவும் முன்வந்ததாகச் சொல்லுவார்கள். 1908-இல் பிள்ளையவர்கள் சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனி கலைந்தது. எந்தக் கப்பலில் ஏறுவது என்பதைக் கட்டணத்தை மட்டும் பார்த்துத் தீர்மானித்தால் என்ன நேரும் என்பது அந்தக் கடலுக்கு நன்றாகத் தெரியும்.

இன்று திருக்கோணமலைத் துறையில் இரண்டு படகுகள் நிற்கும். ஒன்று மலிவு, ஏராளமான கூட்டம், திமிங்கிலத்தின் முதுகின்மேலேயே கொண்டுபோய் நிறுத்தும். மற்றொன்றுக்குக் கொஞ்சம் அதிகம் கொடுக்க வேண்டும். தூரத்தில் நிறுத்தி யந்திரத்தை அடக்கிவிட்டுக் காத்திருக்கும். எட்டயபுரத்து நேயர் தம் குழந்தைகளை இரண்டாவது படகில் ஏற்றுவாராக. யந்திரம் அடங்கிய அந்த மௌனத்தில், தூரத்தே எழும் ஒரு பெருமூச்சின் ஓசை கடலின்மேல் மிதந்து வந்து காதில் விழும். அதைக் கேட்ட குழந்தை எந்நாளும் மறக்காது.